மஞ்சப்பின் ஒயரை உருவிய முகூர்த்தம்

மதுரையில் ஒயருக்கு வணக்கம் சொன்ன ஒரே மனிதர், மஞ்சப்பின் என்று எல்லோரும் கூப்பிட்ட எங்கள் அண்ணன்தான். வைகைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்புக்குக் கையைத் தூக்குகிற வணக்கமும் இல்லை அது. செருப்பைக் கழற்றிவிட்டு, ப்ரொஜெக்டருக்குப் பின்னால் குனிந்து, ஒயரின் நுனியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் சொருகுவார். அதன் பிறகுதான் திரையில் படம் வரும். வருவது பெரிய அதிகாரியாக இருந்தாலும் கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. ப்ரொஜெக்டரை வாடகைக்கு விடுகிற கடை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரும் வீடியோ டெக்கும் என் பொறுப்பு. அவற்றை ப்ரொஜெக்டரோடு இணைக்கிற ஒயர்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. வீடியோ ஒயரில் சத்தத்தைக் கொண்டுபோவது சிவப்புப் பின்னும் வெள்ளைப் பின்னும். படத்தைக் கொண்டுபோவது மஞ்சள் பின். ஆசாரி காதில் பென்சில் இருப்பதைப் போல அவர் காதில் எப்போதும் ஒரு மஞ்சள் பின் இருக்கும். அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று முதலாளிக்கே தெரியாது.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அவருக்காக மட்டும் இல்லை, ஒரு அம்மாவுக்காகவும்தான். தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை மணமேடைக்கு வந்து பார்க்க மாட்டேன், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நின்று திரையில் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக இருந்த அம்மா அவர். அந்தத் திரைக்கு ஒயர் இழுத்தது நாங்கள். ஆனால் மஞ்சப்பின் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் அதைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

ஆள் நல்ல நெட்டை. கண்ணைச் சிமிட்டுவது குறைவு. வேலையெல்லாம் விளக்கணைத்த கூடங்களில் என்பதால் வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்து பழகிவிட்டார். பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்களே என்று திரும்பினால் இவர் நின்றுகொண்டிருப்பார். கருத்தரங்குகளில் இவரால் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்த பேராசிரியர்கள் பலர். ஒரு அம்மையார் கையிலிருந்த டீயைத் தலைமை விருந்தினர் மடியில் கொட்டினார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதற்கு அண்ணே ஒயருக்கு வணக்கம் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"படமா வருது? ஆளுதான் மாப்ள வாராக. அந்தக் கடைசியில ஏறி இந்தக் கடைசியில எறங்குறாக. இம்புட்டுக்காண்டு ஒயரு. உள்ள எம்புட்டு இருட்டா இருக்கும், நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒயரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உள்ளங்கை கொஞ்சம் குறுகுறுத்தது.

இந்தச் சித்தாந்தத்திலிருந்து பல சட்டங்கள் பிறந்தன. தரையில் கிடக்கும் ஒயரை யாரும் மிதிக்கக் கூடாது. ஒரு கல்லூரி முதல்வர் தெரியாமல் மிதித்துவிட்டார் என்பதற்காக, திரையில் அப்போதிருந்த விஞ்ஞானியின் படத்தைப் பார்த்து அவரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தால் கூடத்தில் ஒருவரும் பேசக் கூடாது. வருகிறவர்கள் வழியில் இருக்கிறார்களாம், சத்தம் கேட்டால் தடுமாறுவார்களாம். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், திரையில் ஒரு முகம் இருக்கும்போது ஒயரை உருவவே கூடாது. பாதி வழியில் நிற்பவர்களை அத்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்பது அவர் கேள்வி.

ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டல் கூடத்தில், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கம்பெனியின் கூட்டம். கடைசிப் படமாக அந்தக் கம்பெனியின் எம்.டி. முகம் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அத்தோடு லேப்டாப் உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் எம்.டி. போகவில்லை. ஒயரை உருவிவிட்டுக் கிளம்பலாம் என்றார் விற்பனை அதிகாரி. மஞ்சப்பின் ப்ரொஜெக்டருக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டார். அவராகப் போகட்டும் என்றார்.

அடுத்து அதே கூடத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். பலூனோடு வந்தவர்கள் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துவிட்டு, யாரோ சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வாழ்த்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கேக்கை வெட்டினார்கள். குழந்தை மட்டும் அந்த முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தது. கடைசியில் லேப்டாப்பின் பேட்டரி தீர்ந்து முகம் மங்கி அணைந்தது. மஞ்சப்பின் வெறும் சுவரைப் பார்த்து, "போயிட்டு வாங்க சார்" என்று விடைகொடுத்துவிட்டு ஒயரைச் சுருட்டினார்.

இதுவரை சிரிக்கலாம். சில நாள் கழித்து அந்த விற்பனை அதிகாரி கடைக்குப் போன் செய்தார். அன்று சாயங்காலம் சென்னையில் தன் அறையில் இருந்த எம்.டி. நெடுநேரம் அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டவர்களுக்குப் பதில் இல்லை. பிறகு திடீரென்று எழுந்து தண்ணீர் கேட்டாராம். இதை நான் சொன்னதும் மஞ்சப்பின் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நெடுந்தூரமுல்ல. தவிச்சிருக்கும்."

சோழவந்தானில் நடந்தது இன்னொன்று. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்று வெற்றிலைக்கொடிக்கால் விவசாயிகளைக் கூட்டி ஒரு கூட்டம் போட்டது. ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடினோம். மேஜை எட்டத்தில் இருந்ததால் ரொம்ப நீளமான ஒயர் போட வேண்டியதாயிற்று. சாதாரண ஒயர் நீளமாகிவிட்டால் படத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியும். நிழல் அடிக்கிறது என்று தொழிலில் சொல்வோம், அவ்வளவுதான். முதல் படம் பேசவந்த அதிகாரியின் போட்டோ. அவருக்கு வலப்பக்கம் வெளிறிப்போய் ஒரு நிழல் நின்றது. இருட்டுக்குள்ளிருந்து மஞ்சப்பின் குரல் பணிவாகக் கேட்டது.

"சார், கூட நிக்கிறது உங்க அப்பாங்களா?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். அவருடைய அப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் காலமாகியிருந்தார். பேச வந்ததைப் பேசாமல் வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார். நான் அவசரமாக மேஜையைக் கிட்டே இழுத்துப்போட்டுக் குட்டை ஒயரை மாட்டினேன். எழுத்துகளின் நிழலெல்லாம் மறைந்துவிட்டது. அந்தப் போட்டோவின் பக்கத்தில் நின்றது மட்டும் மறையவில்லை. உற்றுப் பார்த்தால் அது அதிகாரியைவிடக் கொஞ்சம் உயரமாகவும் இருந்தது. வந்திருந்த விவசாயிகள் ஒருவர் பாக்கியில்லாமல் பாலிசி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். பேச்சே இல்லாமல் இப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை என்று கம்பெனிக்கு ஒரே சந்தோஷம்.

இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிற ஆள் நான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன் வேறு. மஞ்சப்பின்னைக் கிண்டல் செய்வேன். இன்றைக்கு யாரார் வருகிறார்கள், டிக்கெட் எடுத்தார்களா என்றெல்லாம் கேட்பேன். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். வருகிறபோது தெரியும் மாப்ள என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் நிர்மலா கடைக்கு வந்தாள். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டு விற்கிற சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா இல்லை, சமீபத்தில்தான் தவறியிருந்தார். கூட வந்த பெரியப்பா காரியத்தைச் சொன்னார். வில்லாபுரத்தில் மண்டபம். மணமேடை மாடியில், சாப்பாட்டுக் கூடம் கீழே. மேலே வீடியோக்காரரின் கேமராவிலிருந்து கீழே ஒரு திரைக்கு ஒயர் இழுத்துத் தர வேண்டும். சொல்லிவிட்டு அவர் வெளியே போனதும் நிர்மலா குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"தாலி கட்டும்போது அம்மா என் பக்கத்துல நிக்கணும்னு நான் சொன்னேன். நல்ல காரியத்துல நான் எதிர்ல நிக்கக் கூடாதும்மான்னு அழுவுறாங்க. யாரும் அவங்களைத் தடுக்கல. அவங்களா வர மாட்டேங்கிறாங்க. சரி, கீழ இருந்தாவது பாக்கட்டும்னு பெரியப்பா இந்த ஏற்பாட்டைப் பண்றாரு. எனக்கு இந்தத் திரையே வேணாம்ண்ணே. எங்க அம்மாதான் வேணும்."

பிறகு பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தாள். அவளுடைய அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அதில் அப்பா இருக்கிறார். சாயங்கால வரவேற்பில் அதைத் திரையில் போட வேண்டும் என்றாள். அப்பா முகத்தைப் பார்த்தாலாவது அம்மா எல்லோரோடும் வந்து உட்காருவார் என்று ஒரு நம்பிக்கை. கேசட்டைக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

மஞ்சப்பின் இதையெல்லாம் அலமாரிக்குப் பின்னால் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நிர்மலா அதிர்ந்துபோய்த் திரும்பினாள். அவர் இரண்டே இரண்டுதான் கேட்டார். கீழே இருந்து மாடிக்கு எத்தனை படி இருக்கும், அம்மாவுக்கு மூட்டுவலி ஏதும் உண்டா என்றார். வலியெல்லாம் இல்லை என்றாள் அவள்.

கல்யாணத்தன்று விடியும்போதே போய்விட்டோம். மாடிப்படி ஜன்னல் வழியாகக் கேமரா ஒயரை இறக்கினோம். ப்ரொஜெக்டரின் ஒரு துளையில் கேமரா, இன்னொரு துளையில் சாயங்காலத்துக்கான வீடியோ டெக். கேசட்டை உள்ளே போட்டுச் சரிபார்த்துவிட்டு டெக்கை நிறுத்தினேன். சமையல்காரர் தேங்காய்ச் சட்னி அரைக்க ஒரு பிளக் பாயின்ட் கேட்டார். டெக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அவர் மிக்ஸிக்குக் கொடுத்தேன்.

முகூர்த்தம் நெருங்கியதும் கூட்டம் மொத்தமும் மாடிக்குப் போய்விட்டது. கீழே விரித்த இலைகளும் பாயச அண்டாவும் நாங்கள் இருவரும் நிர்மலாவின் அம்மாவும்தான். அரக்குப் பட்டு கட்டியிருந்தார். அண்டாவுக்குப் பின்னால், திரைக்குக்கூட நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றார். அந்தத் திரை வழியாகத் தன் பார்வை மேலே போய்விடுமோ என்று பயந்தவர் போல இருந்தது. மேளச் சத்தம் தலைக்கு மேலேயும் கேட்டது, ப்ரொஜெக்டரிலும் கேட்டது. திரையில் மாப்பிள்ளை கையில் தாலியை வாங்கினார். நிர்மலா குனிய வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து மாடிப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை நீலமாயிற்று. 'நோ சிக்னல்'.

"என்னாச்சு தம்பி?" என்று அந்த அம்மா அண்டாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "போட்டுருங்க தம்பி. கட்டப்போறாங்க, போட்டுருங்க."

ரிமோட்டைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சப்பின் ப்ரொஜெக்டருக்குப் பின்னால் அசையாமல் நின்றார். அப்போது திரையில் கோடு கோடாக ஏதோ ஓடியது. கோடுகள் அடங்கியதும் ஒரு மனிதர் தெரிந்தார்.

மணமேடை ஓரத்தில் வேட்டியும் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு எங்களை நேராகப் பார்த்தார். எங்களை இல்லை, எங்களைத் தாண்டிப் பாயச அண்டாப் பக்கம் பார்த்தார். அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சலித்துக்கொள்கிற குரல் என்பது மட்டும் புரிந்தது. பிறகு கையை நீட்டி, வா என்று கூப்பிட்டார். அந்த அம்மா நகரவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறை கொஞ்சம் கோபமாக.

அந்த அம்மா திரையைப் பார்த்து, அதே பாஷையில் ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னார். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். காலடிச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்ததும் கெட்டிமேளம் கொட்டியது. அவருக்காகத்தான் அந்தப் பெண் கழுத்தைக் கொடுக்காமல் காத்திருந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

எனக்குப் பரவசம் தாங்கவில்லை. சரியான நேரத்தில் கேசட்டை ஓடவிட்டீர்களே அண்ணே என்று அவர் தோளைத் தட்டப் போனேன். மஞ்சப்பின் முகம் சாம்பலாக இருந்தது. கேமராவிலிருந்து வந்த ஒயர் அவர் கையில் தொங்கியது.

"இதை மட்டுந்தான் மாப்ள உருவுனேன்."

முகம் இருக்கும்போது உருவிவிட்டீர்களே என்றேன். அந்தச் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்ததே இல்லை.

"பிள்ளை மேல பத்திரமா இருக்கு. பாதி வழியில நின்னது அந்தம்மாதான். படம் போயிருச்சுன்னா தானா படியேறிப் போவாகன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான். டெக்கை நான் தொடவேயில்ல."

ஒரு துளையில் படம் வராவிட்டால் ப்ரொஜெக்டர் தானாகவே அடுத்த துளையைத் தேடும், அதுதான் நடந்திருக்கிறது என்று நான் பிசிக்ஸ் பேச ஆரம்பித்தேன். அவர் தாடையால் தரையைக் காட்டினார். சுவரில் மிக்ஸியின் பிளக் இருந்தது. டெக்கின் பிளக் நான் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். மறுபடியும் நீலம்தான் இருந்தது.

பந்தி நடக்கும்போது அந்த அம்மா கீழே வந்தார். மகள் தோளில் கைவைத்து நின்றுவிட்டு வந்த முகம், பார்க்கவே நன்றாக இருந்தது. தன் கையாலேயே எங்களுக்கு இலை போட்டார். திரையில் வந்தது மூத்தவள் கல்யாணத்தில் எடுத்தது என்றார். அன்றைக்கும் தான் சமையல்கட்டையே கட்டிக்கொண்டு நின்றதாகவும், "எத்தனை தடவை கூப்பிடறது, மேல வந்து நில்லு" என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டதாகவும் சொன்னார்.

"அன்னிக்கு நான் போகவேயில்லைங்க. இன்னிக்குத்தான் வரேன்னு சொல்லிட்டுப் போனேன். நீங்க போட்டதுக்கு நல்லாயிருக்கணும்."

அவர் மஞ்சப்பின்னைப் பார்த்துக் கைகூப்பினார். மஞ்சப்பின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த பாயசம் வைத்தபடியே இருந்தது. அந்த அம்மா நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, இம்புட்டு நாளும் நான் பேசுனதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குத்தான்டா. நெசமாவே வருவாகன்னு நான் கண்டேனா?"

அன்று கேமரா ஒயரைச் சுருட்டியது நான். அவர் கிட்டவே வரவில்லை. சாயங்கால வேலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கடைக்குப் போன் செய்துவிட்டு, அவரைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். உச்சி வெயில். அவனியாபுரம் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் கூவிக்கொண்டிருந்தன. அத்தனை நெட்டை மனிதர், இத்தனை பேர் போகிற தெருவில், என் கையைப் பிடித்துக்கொண்டார். பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்ல என்றேன். சரி என்று தலையாட்டினார். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போனது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு அம்மாவைப் படியேற்றிவிடத் தன் பெரிய சட்டத்தையே மீறிய அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அந்த வெயிலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கையை விட மனசு வரவில்லை. மூன்றாவது பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன்.